இரத்தம் சுமக்கும் அமானிதம்

நாம் இழுக்கும் மூச்சு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. அதிலுள்ள பிராணவாயு, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் உயிரணுவுக்கும் சென்று சேர வேண்டும். அந்தப் பொறுப்பை வல்ல அல்லாஹ் ‘குளோபின்’ என்னும் புரதக் குடும்பத்திடம் ஒப்படைத்திருக்கிறான். பெற்ற அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதே அதன் பணி.

இரத்தச் சிவப்பணு ஒன்றில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூறும் ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு குளோபின் இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையும் ஓர் இரும்பு அணுவைத் தாங்கி நிற்கிறது. பிராணவாயு ஒட்டிக்கொள்வது அதில்தான். தசைகளில் மயோகுளோபின் அதைச் சேமித்து வைக்கிறது. மூளையின் நரம்பணுக்களிலும் நியூரோகுளோபின் என்றொரு வகை இருப்பது 2000-ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது.

தாயின் வயிற்றிலுள்ள சிசுவுக்கோ பீட்டாவுக்குப் பதிலாகக் காமா இழை. அது சேர்ந்த ஹீமோகுளோபின், தாயினுடையதைவிடப் பிராணவாயுவை இறுகப் பற்றும். ஆகவேதான் தாயின் இரத்தத்திலிருந்து குழந்தை தன் பங்கைப் பெற முடிகிறது. பிறந்த சில மாதங்களில் காமா விலகிக்கொள்ள, பீட்டா பொறுப்பேற்கிறது. படைத்தவனின் ஏற்பாடுதான் எத்துணை நுட்பமானது!

அந்தப் பீட்டா இழை உருவாகாவிட்டால் வருவதே கடுமையான தலசீமியா. பிறந்தபோது நலமாயிருந்த குழந்தை, ஆறு மாதங்களுக்குப் பின் வெளிறி, மண்ணீரல் வீங்கி வாடுகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் குணம் காணலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986-லேயே தொடங்கியது. எனினும் பொருத்தமான கொடையாளியும் பெரும் பொருளும் தேவை. இதே பீட்டா இழையின் வேறொரு பிழைதான் அரிவாள் அணு நோய். இந்தியாவில் அதன் கூறு முதன்முதலாக 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது.

இக்குறையை ஒரு பங்கு மட்டும் பெற்றவர் நோயாளியல்லர், கடத்தி மட்டுமே. அவர் தொழில் செய்வார், நோன்பு நோற்பார், ஒன்றும் தெரியாது. கடத்திகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஆகவே, “மருமகள் கொண்டுவந்த நோய்” என்று ஒரு பெண்ணைக் குத்திப் பேசுவது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூர்ப் பக்கமும், தமிழகத்தின் பல பகுதிகளைப் போலவே, சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் உண்டு. சாச்சா மகளையோ மாமன் மகளையோ மணப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது; கட்டாயமாக்கவில்லை. ஒரே பாட்டனாரின் குறை இரு பேரப்பிள்ளைகளுக்கும் வந்திருக்கலாம் என்பதால், சொந்தத்தில் இந்த ஆபத்து கூடுகிறது.

இதற்கு வழி எளிது. நிக்காஹ் பேசுவதற்கு முன் இருவருக்கும் முழு இரத்த அணுப் பரிசோதனையும், ஹீமோகுளோபின் ஏ2 அளவுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். எத்தனை நாள் இரும்புச் சத்து மாத்திரை உண்டும் சோகை தீராதவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். இருவரில் ஒருவர் மட்டுமே கடத்தி என்றால், குழந்தைக்கு இக்கடும் நோய் வராது. ஏற்கெனவே மணமான கடத்தித் தம்பதியர், கருவுறுமுன் மருத்துவரை நாடட்டும்.

ஈரானில் 1997 முதலும், சவூதி அரேபியாவில் 2004 முதலும் திருமணத்திற்கு முன் இப்பரிசோதனை கட்டாயம். நம் மஹல்லா ஜமாஅத்துகளும் நிக்காஹ் பதிவின்போது இதை நினைவூட்டினால் என்ன? நோயுற்ற பிள்ளையை உடைய பெற்றோரும் சோர்ந்துவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் பெற்று உரிய சலுகைகளைக் கேளுங்கள்.

பெற்றோர்களே! சீர்வரிசையும் விருந்தும் பேசும் வீட்டில் இதையும் பேசுங்கள். பிறக்கப்போகும் பிள்ளையும் நம்மிடம் ஒப்படைக்கப்படும் அமானிதமே.