ஒரு பயணம், இரண்டு டிக்கெட்

பாரிஸ் லா சப்பலில் புடவைக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே பயண முகவர் கடைகள் உண்டு. கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போக விலை கேட்டால், சில நேரம் பாரிஸ்–சென்னை தனி, சென்னை–பலாலி தனி என்று இரண்டு டிக்கெட் போட்டால் மலிவாக வரும். மலிவு எங்கே அடிக்கும் என்பது சென்னையில் தெரியும்.

இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு ஒப்பந்தம். பாரிஸில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் யாழ்ப்பாண விமான நிலையக் குறியீடான 'ஜே.ஏ.எஃப்.' இருக்காது, சென்னையின் 'எம்.ஏ.ஏ.'தான் இருக்கும். அதனால் பெட்டியைச் சென்னையில் நீங்களே எடுக்க வேண்டும். எடுக்க வேண்டுமானால் குடிவரவைத் தாண்ட வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். பிறகு சுங்கம், மறுபடி புறப்பாட்டுக் கவுன்டர். அது விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடும். பலாலிக்குப் போவது சிறிய ஏடிஆர் விமானம். பெரிய விமானத்தில் விட்ட எடையை அதில் விடமாட்டார்கள். கூடுதல் எடைக்குக் கட்டுவது தனிச் செலவு.

பாரிஸ் விமானம் தாமதித்துப் பலாலி விமானம் போய்விட்டால், இரண்டாம் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் 'வராத பயணி'. காசு போகும். திரும்பும் பயணமும் அதே டிக்கெட்டில் இருந்தால் பெரும்பாலும் அதுவும் ரத்தாகும்.

ஒரே டிக்கெட்டில் கதை வேறு. அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. தாமதத்துக்கு இழப்பீடு தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, பாரிஸிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். உதாரணமாக, பிரெமனிலிருந்து பாரிஸ், சாவ் பாவ்லோ வழியாக அசுன்சியோன் போன ஒரு பெண் பயணிக்கு முதல் விமானம் சுமார் இரண்டரை மணிதான் தாமதம். ஆனால் போய்ச் சேர்ந்தது 11 மணி நேரம் பிந்தி. கடைசி ஊரில் ஆன தாமதமே கணக்கு என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு இழப்பீடு 600 யூரோ வரை. புயல் போன்ற காரணங்களுக்குக் கிடையாது. ஊரிலிருந்து திரும்பும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் இந்த விதி.

லா சப்பல்காரர்கள் அறிய வேண்டியது அதே நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிறுவனங்களின் விமானங்களை முகவர் இணைத்து, மொத்த விலை வாங்கி, ஒரே டிக்கெட்டாகக் கொடுத்தால் அதுவும் ஒரே பயணம்தான் என்றது அது.

எது ஒரே டிக்கெட் என்று எப்படி அறிவது? ஆறு எழுத்து முன்பதிவுக் குறியான பி.என்.ஆரை நம்பாதீர்கள், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். 13 இலக்க டிக்கெட் எண்ணைப் பாருங்கள். அது வழி முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும்.

தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் சென்னையில் ஓர் இரவு தங்குங்கள். திரும்பும்போதும் அப்படியே, பாரிஸ் விமானத்துக்கு முதல்நாளே சென்னைக்கு வந்துவிடுங்கள். காசு கட்டுமுன், "அண்ணை, இது ஒரே டிக்கெட்டோ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மொத்த விலை போட்ட ரசீதை வாங்கி, ஊருக்குப் போய்த் திரும்பும்வரை தொலைக்காமல் வைத்திருங்கள்.