பல்லில் படியும் பசை

போன கார்த்திகை தீபத்துக்கு என் மூத்த மகள் வந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். மலையில் தீபம் ஏற்றி, மாடியில் நின்று கும்பிட்டுவிட்டுக் கீழே வந்து, ஆளுக்கொரு பொரி உருண்டையைக் கையில் எடுத்தோம். கடித்தவள் முகத்தைச் சுளித்தாள். "அம்மா, ரத்தம் வருது." பொரியில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. அதான் அந்தப் பக்கம் பிரஷ்ஷே போடறதில்லே" என்றாள் சாதாரணமாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் முப்பத்தைந்து வயதில் நானும் இதையேதான் செய்தேன்.

அன்றைக்கு எனக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. பிரஷ் குத்துகிறது என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, விரலால் பல்பொடி தேய்த்தேன். கீழ்ப்பல்லின் உள்பக்கம் மஞ்சளாய்க் கல் மாதிரி கட்டிக் கொண்டது. டாக்டரிடம் போகலாம் என்றால் எதிர்வீட்டு அக்கா, "க்ளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சுடும், போகாதே" என்றார். போகவில்லை. நாற்பத்திரண்டு வயதில் கீழ் முன்பற்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஆடி விழுந்தன. இரண்டிலும் சொத்தை கிடையாது, வலியும் கிடையாது. இன்றும் சிரிக்கும்போது புடவைத் தலைப்பு தானாக வாய்க்குப் போகிறது.

பிறகுதான் பல் டாக்டரம்மாவிடம் விவரம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் மூலம் 'பிளேக்' என்றார். எலியால் வருகிற பிளேக்கோ என்று ஒரு கணம் பயந்து போனேன்! இது வேறு. பல்லின் மேல் படிகிற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பசை. முழுக்கக் கிருமிகள். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் வழவழவென்று இருக்குமே, அதுதான்! பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே மறுபடி படிய ஆரம்பித்து விடுமாம். வாய் கொப்பளித்தால் போகாது. தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களிலேயே இறுகி, காரையாகிவிடும். அதன் பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது. டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

எடுத்த பின் பல் ஆடுவதுபோல் தோன்றுவது ஏன் தெரியுமா? ஈறும் எலும்பும் ஏற்கெனவே கரைந்திருக்கும். காரைதான் முட்டுக் கொடுத்துக் கொண்டிருக்கும். பழி மட்டும் சுத்தம் செய்தவர் தலையில்!

இது ஊகமில்லை. 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் கூட இருந்தவர்களும் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்து விட்டது. திரும்பத் தேய்த்ததும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாயிற்று. அவரே பிறகு இலங்கைக்கு வந்தார். பிரஷ்ஷையும் பல் டாக்டரையும் அறியாத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை 1970 முதல் பதினைந்து வருஷம் கவனித்தார்கள். எல்லோர் பல்லிலும் பசையும் காரையும். நூற்றுக்கு 81 பேருக்கு ஈறும் எலும்பும் மெதுவாகக் கரைந்தன. 8 பேருக்கு வேகமாய்க் கரைந்து நாற்பத்தைந்து வயதில் வாயே பொக்கையாகி விட்டது. மீதி 11 பேருக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை.

"எங்க பாட்டி பிரஷ்ஷையே தொட்டதில்லே, எண்பது வயசிலே முறுக்கு கடிச்சா" என்பவர்கள் அந்த 11 பேரைச் சேர்ந்தவர்கள்போலும். நாம் எந்தக் கூட்டம் என்று பல் விழுந்த பிறகல்லவா தெரிகிறது!

மறுநாளே மகளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். கர்ப்ப காலத்தில் உடம்பில் சுரக்கிற ஹார்மோன்களால், கொஞ்சம் பசை இருந்தாலும் ஈறு அதிகமாக வீங்கி ரத்தம் கசியுமாம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பல் சுத்தம் செய்யலாமா என்று தயங்கினேன். "நாலிலிருந்து ஆறு மாதம்தான் வசதியான சமயம். கர்ப்பம் என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிடுங்கம்மா" என்றார். ரத்தம் வருகிற இடத்தைத்தான் மெதுவாக, ஆனால் விடாமல் தேய்க்க வேண்டுமாம்.

மிருதுவான பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, சின்னச் சின்னதாய் அசைத்து, இரண்டு நிமிடம். உள்பக்கத்தை மறக்கக் கூடாது, நான் கோட்டை விட்டது அங்கேதான். ராத்திரி தேய்ப்பது மிக முக்கியம், தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்து விடும். செங்கல் தூள், கரித்தூள், கல் உப்பு எல்லாம் எனாமலைத் தேய்த்து விடும். புகையிலை கலந்த பொடி வேண்டவே வேண்டாம், பற்பொடியிலும் பேஸ்டிலும் அதைச் சேர்ப்பதை 1992-லேயே அரசு தடை செய்து விட்டது.

இனிப்பு விஷயத்தில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரைமணி நேரமாவது ஆகும். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகையில் வழி நெடுக கேசரி, சர்க்கரைப் பொங்கல், மிட்டாய் என்று குழந்தை கையில் ஏறிக் கொண்டே இருக்கும். பதினான்கு கிலோமீட்டரும் வாயில் அமிலம்தான்! வாங்கியதை வைத்திருந்து, சாப்பாட்டோடு ஒரே தடவையாகக் கொடுங்கள். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள்.

பெரிய பிள்ளைகள் "தேய்ச்சாச்சு" என்று ஏமாற்றினால் ஒரு வேலை செய்யுங்கள். கேக்குக்குப் போடும் சிவப்புக் கலரில் இரண்டு சொட்டு தண்ணீரில் கலந்து கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். பசை உள்ள இடமெல்லாம் சிவப்பாகக் காட்டிக் கொடுத்து விடும். என் கடைக்குட்டி கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தானே பிரஷ்ஷைத் தேடி ஓடினான். (பழைய சட்டை போட்டுவிட்டுச் செய்யுங்கள், கறை போகாது.)

மகளுக்குப் பத்தே நாளில் ரத்தம் நின்றது. சித்திரையில் பேரன் பிறந்தான். போன வாரம் கீழே அரிசி மாதிரி ஒரு பல் எட்டிப் பார்த்தது. அதற்கு ஓர் அரிசி அளவு பேஸ்டைத் தடவி, குட்டிப் பிரஷ்ஷால் மகள்தான் தேய்த்து விடுகிறாள். அவன் பிரஷ்ஷைக் கடித்துக் கொண்டு விடமாட்டேன் என்கிறான்.