நீரோட்டத்தில் வழி தேடும் மீன்குஞ்சுகள்

பவளப்பாறை மீனின் முட்டையிலிருந்து வெளிவரும் லார்வா சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும், கண்ணாடிபோல உடல். திறந்த கடலில் சில வாரங்கள் மிதந்து வளர்ந்த பிறகுதான் ஏதாவது ஒரு பாறையில் குடியேறும். அதற்குள் நீரோட்டம் அதை வெகுதூரம் அடித்துக்கொண்டு போய்விடும் என்றே ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இருக்கிறது லிசார்ட் தீவு. அங்கே கடல் உயிரியலாளர் ஜெஃப்ரி ஜோன்ஸின் குழுவினர், டாம்செல் மீன் இனமொன்றின் ஒரு கோடிக்கு மேற்பட்ட கருக்களை முட்டையிலேயே டெட்ராசைக்ளின் மருந்தால் குறியிட்டார்கள். மீனின் காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கல்லில் இம்மருந்து படிந்து, புற ஊதா ஒளியில் மின்னும். பின்னர் பிடித்த 5,000 குஞ்சுகளில் 15க்குத்தான் அந்தக் குறி இருந்தது. ஏமாற்றமான எண் அல்ல இது. தீவில் உருவான மொத்தக் கருக்களில் குறியிடப்பட்டவையே நூற்றுக்கு அரை முதல் இரண்டு வரைதான். அதன்படி கணக்கிட்டால், குடியேறிய குஞ்சுகளில் 15 முதல் 60 விழுக்காடு அங்கேயே பிறந்தவை! 1999இல் வெளியான இந்த ஆய்வு பழைய நம்பிக்கையை அசைத்துவிட்டது.

இவ்வளவு சிறிய உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? நீரோட்டம் எல்லா ஆழத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. காற்று தள்ளும் மேல்மட்டத்தில் விரைவு. கடல்தரையை உரசும் அடிமட்டத்தில் மந்தம். தீவுகளுக்குப் பின்னால் நீர் சுழன்று தேங்குவதும் உண்டு. லார்வா ஆழம் மாறினாலே போய்ச் சேரும் இடமும் மாறிவிடும். குடியேறும் பருவத்தில் அதற்கு நீந்தும் வலுவும் வந்துவிடுகிறது. ஓடும் நீர்த்தொட்டியில் சோதித்தபோது, பல குடும்பங்களைச் சேர்ந்த லார்வாக்கள் இரையும் ஓய்வும் இல்லாமல் சராசரியாக 40 கிலோமீட்டருக்கு ஈடான தூரம் நீந்தின.

திசை காட்டுவது பாறையேதான். அதன் வாசனை நீரில் பரவுகிறது. இறால்களின் சொடுக்கொலியும் மீன்களின் உறுமலும் இருட்டிலும் கேட்கின்றன. 2016, 2017 வெப்ப அலைகளில் பவளம் வெளுத்துச் செத்த இடங்களில் இந்த ஓசை அடங்கிப்போனது. அதனால் 2017 இறுதியில், ஆய்வாளர்கள் லிசார்ட் தீவருகே செத்த பவளக் குவியல்களில் ஒலிபெருக்கி வைத்து, நலமான பாறையின் ஓசையை 40 நாள் ஒலிக்கவிட்டார்கள். ஓசையில்லாத குவியல்களைவிட அங்கே இருமடங்கு மீன்கள் சேர்ந்தன. பாசியை மேய்ந்து, புதிய பவளம் ஒட்டி வளர இடம் தரும் இனங்களும் அவற்றில் இருந்தன.