முறுக்குச் சட்டியில் எட்டு நாடுகள்

வளரும் முஸ்லிம் நாடுகளின் பொருளாதாரக் கூட்டணி இஸ்தான்புல்லில் பிறந்தது. அதன் பலமும் பலவீனமும் தாராவியின் அடுப்புகளில் தெரிகின்றன.

தாராவியின் தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் பொழுது விடிவதற்குள் அடுப்பு எரிய ஆரம்பித்துவிடுகிறது. இரும்புச் சட்டியில் எண்ணெய் கொதிக்க, அச்சில் மாவைப் பிழிந்து இறக்குகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் வந்தவர்களின் தொழில் இது. ஊர்க்காரர்களுக்கு முறுக்கு, மராத்தியருக்கு சக்லி. மாட்டுங்கா கடைகளுக்கும் புறநகர் ரயில் நிலையக் கடைகளுக்கும் போகும் சரக்கில் தாராவி என்ற பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை.

அந்தச் சட்டியில் கொதிப்பது தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ அல்ல. பாமாயில். விலை குறைவு; அதிகச் சூட்டிலும் சீக்கிரம் கெடாது; முறுக்கு நாள்பட மொறுமொறுப்பாக இருக்கும். இந்தியாவுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். அந்த இறக்குமதியில் பெரும்பங்கு பாமாயில். உலக பாமாயிலில் 100-க்கு சுமார் 85 பங்கை இரண்டே நாடுகள் உற்பத்தி செய்கின்றன: இந்தோனேசியா, மலேசியா. ஆக ஜகார்த்தாவில் அதிபர் ஒரு முடிவெடுத்தால் தாராவிச் சந்தில் கணக்கு இடிக்கும்.

2022 ஏப்ரலில் அப்படித்தான் இடித்தது. பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றது. மார்ச்சில் மலேசியச் சந்தையில் பாமாயில் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. இரண்டு வருடங்களுக்கு முன் அது 2,000 ரிங்கிட்டை ஒட்டி இருந்தது. இந்த நிலையில் இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோ ஏப்ரல் 28 முதல் பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்தார். உலகிலேயே அதிகமாக பாமாயில் உற்பத்தி செய்யும் நாட்டில், சொந்த மக்களுக்குச் சமையல் எண்ணெய் கட்டுப்படியான விலையில் கிடைக்கவில்லை. மாணவர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். அவர் வேறென்ன செய்வார்?

முறுக்கு போடுபவர் வேறென்ன செய்வார் என்று கேட்க ஆளில்லை. டின் விலை ஏறிவிட்டது என்று பாக்கெட் விலையை ஏற்றினால் கடைக்காரர் அடுத்த சந்துக்குப் போய்விடுவார். எடையைக் குறைக்கலாம், கூலியாளைக் குறைக்கலாம், பழைய எண்ணெயை இன்னொரு ஈடுக்கு ஓட்டலாம். கடைசி வழி சாப்பிடுகிறவருக்கு நல்லதல்ல. லாபம் பைசாக் கணக்கில் இருக்கும் தொழிலில் வேறு தாராளம் கிடையாது.

ஆனால் அந்தத் தடையின் முக்கியமான சங்கதி தாராவியில் இல்லை, கராச்சியிலும் டாக்காவிலும் இருக்கிறது. ஏப்ரல் 28 என்பது ரம்ஜான் மாதத்தின் கடைசி வாரம். பெருநாளுக்கு ஐந்தே நாள். பாகிஸ்தான் தனக்கு வேண்டிய பாமாயிலில் பெரும்பகுதியை இந்தோனேசியாவிடம்தான் வாங்குகிறது. பங்களாதேஷும் முக்கியமான வாடிக்கை. மூன்றும் ஒரே பொருளாதாரக் கூட்டணியின் நிறுவன உறுப்பினர்கள். தடையில் அவர்களுக்கு எந்த விலக்கும் இல்லை. இந்தியாவின் முறுக்குச் சட்டிக்கு என்ன கதியோ, அதே கதிதான் பாகிஸ்தானின் வனஸ்பதி ஆலைக்கும். மே 23-ல் தடை நீங்கிய பிறகும் சரக்கைத் துரிதப்படுத்த பாகிஸ்தான் தன் அமைச்சரையே ஜகார்த்தாவுக்கு அனுப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டணிதான் டி-8. துருக்கிப் பிரதமராக இருந்த நெஜ்மத்தின் எர்பகானின் கனவு அது. ஜெர்மனியில் படித்த பொறியாளர்; ஏழு பணக்கார நாடுகள் கூடி உலகப் பொருளாதாரத்தைத் தீர்மானிக்கும்போது வளரும் முஸ்லிம் நாடுகள் ஏன் கூடக் கூடாது என்று கேட்டவர். 1997 ஜூன் 15 அன்று இஸ்தான்புல்லில் முதல் உச்சிமாநாடு நடந்தது. பங்களாதேஷ், எகிப்து, இந்தோனேசியா, ஈரான், மலேசியா, நைஜீரியா, பாகிஸ்தான், துருக்கி ஆகிய எட்டும் சேர்ந்தன. வேலைகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்: வர்த்தகம் எகிப்துக்கு, விவசாயம் பாகிஸ்தானுக்கு, கிராம வளர்ச்சி பங்களாதேஷுக்கு, நிதியும் வங்கியும் மலேசியாவுக்கு, எரிசக்தி நைஜீரியாவுக்கு என்று.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் தகப்பன் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். ராணுவத்தின் நெருக்குதலால் எர்பகான் ஜூன் 18-ல் ராஜினாமா செய்தார். அடுத்த ஜனவரியில் அவரது கட்சியே தடை செய்யப்பட்டது. கூட்டணி பிழைத்துக்கொண்டது, ஆனால் வளர்த்தி போதவில்லை. தங்களுக்குள் சலுகை வரியில் வர்த்தகம் செய்துகொள்ளும் ஒப்பந்தம் 2006-ல் பாலித் தீவில் கையெழுத்தானது. அமலுக்கு வர 2011 ஆயிற்று. 100 கோடிக்கு மேல் மக்கள் தொகை கொண்ட இந்த நாடுகள் தங்களுக்குள் நடத்தும் வர்த்தகம், அவற்றின் மொத்த வர்த்தகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2030-க்குள் அதை 50,000 கோடி டாலராக்குவது லட்சியம். 2024 டிசம்பரில் கெய்ரோவில் அஜர்பைஜானைச் சேர்த்துக்கொண்டார்கள். உறுப்பினர்கள் ஒன்பது, பெயர் மட்டும் எட்டிலேயே நிற்கிறது.

ஏன் ஓடவில்லை? விடை தாராவியின் இன்னொரு தொழிலில் இருக்கிறது.

சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாகத் தோல் கடைகள். பை, பெல்ட், ஜாக்கெட், மணிபர்ஸ். இந்தத் தொழிலைத் தாராவிக்குக் கொண்டுவந்தவர்களில் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பாந்த்ரா இறைச்சிக்கூடத்துத் தோல் கிடைக்கும் தூரத்தில், ஊருக்கு வெளியே இருந்த இந்தச் சதுப்பில் அவர்கள் தோல் பதனிடும் கூடங்களைப் போட்டார்கள். நாற்றமும் சுண்ணாம்பும் நிறைந்த வேலைக்கு நெல்லைச் சீமையிலிருந்து ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வந்தார்கள். முதலாளி ஒரு மதம், தொழிலாளி இன்னொரு மதம், பேச்சு ஒன்று. 1971-ல் இறைச்சிக்கூடம் செம்பூருக்கு அப்பால் தேவனாருக்குப் போயிற்று. பின்னர் பதனிடும் கூடங்களும் வெளியேற, தாராவியில் வெட்டுவதும் தைப்பதும் மிஞ்சின.

தேவனார் சும்மா இருக்கவில்லை. 1982 ஜனவரியில் அதன் வாசலில் வினோபா பாவேயின் சீடர்கள் காளை வெட்டுக்கு எதிராகத் தொடங்கிய சத்தியாக்கிரகம் வருடக்கணக்கில் நீண்டது. 2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் காளை, எருது வெட்டவும் தடை வந்தது. 2016-ல் மும்பை உயர் நீதிமன்றம் சட்டத்தின் சில பிரிவுகளை ரத்து செய்தாலும் வெட்டுத் தடையை உறுதி செய்தது. தாராவிக் கைவினைஞர்களின் கையில் வந்த மாட்டுத் தோல் அருகியது. எருமைத் தோலும் ஆட்டுத் தோலும், சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வரும் சரக்கும்தான் கதி. செயற்கைத் தோலுக்கு மாறியவர்களும் உண்டு.

சரி, இவர்கள் சரக்கு யாரோடு போட்டி போடுகிறது? பாகிஸ்தானின் சியால்கோட் கையுறையும் ஜாக்கெட்டும் தைக்கிறது. பங்களாதேஷ், டாக்காவின் ஹஜாரிபாக்கில் ஆற்றைக் கெடுத்துக்கொண்டிருந்த பதனிடும் ஆலைகளை 2017-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் சாவருக்கு மாற்றியது. எகிப்து கெய்ரோவின் பழைய தோல் பேட்டையைக் காலி செய்து ரூபிக்கியில் தோல் நகரம் கட்டியது. துருக்கி ஜாக்கெட்டுக்குப் பேர் போனது. நைஜீரியாவின் கானோ நகரத்து ஆட்டுத் தோல் இத்தாலிக்குப் போகிறது. கூட்டணியில் ஐந்து பேர் தோல் வியாபாரிகள். ஐவரும் கண் வைத்திருப்பது ஐரோப்பிய வாடிக்கையாளர் மேல். துணியிலும் ஏறக்குறைய இதே கதை. ஒரே சந்தையில் ஒரே சரக்கை விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் எதை வாங்குவார்கள்? சலுகை வரி போட்டு என்ன பயன்?

வித்தியாசமான சரக்கு இருக்கிற இடத்தில் வர்த்தகம் தானாக நடக்கிறது. அதற்கு உறுப்பினர் அட்டை தேவைப்படவில்லை. இந்திய எருமை இறைச்சி ஹலால் சான்றிதழோடு மலேசியாவுக்கும் எகிப்துக்கும் போகிறது. 2016 முதல் இந்தோனேசியாவும் வாங்குகிறது. செம்பூர் மாஹுலில் நிற்கும் இரண்டு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களைக் கொண்ட இந்த நாடு, ஈரானிடமும் நைஜீரியாவிடமும் பல ஆண்டுகள் கச்சா எண்ணெய் வாங்கியது. 2019 மே மாதம் அமெரிக்கா விதிவிலக்கை விலக்கிக்கொண்டதும் ஈரானிடம் வாங்குவதை இந்தியா நிறுத்தியது. கவனிக்க வேண்டியது, டி-8 சகாவான துருக்கியும் அதே சமயத்தில் நிறுத்தியதுதான்.

இந்தியா இந்த நாடுகளின் எந்த முஸ்லிம் அமைப்பிலும் இல்லை. 1969-ல் மொராக்கோவின் ரபாத் நகரில் நடந்த இஸ்லாமிய உச்சிமாநாட்டுக்கு அழைப்பு வந்து, பக்ருதீன் அலி அகமது தலைமையில் குழு போய்ச் சேர்ந்த பிறகு, பாகிஸ்தானின் யாஹ்யா கான் முரண்டு பிடித்ததால் வெளியே நிறுத்தப்பட்டது. ஐம்பது வருடம் கழித்து, 2019 மார்ச்சில், அபுதாபியில் நடந்த இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தில் சுஷ்மா சுவராஜ் கௌரவ விருந்தினராகப் பேசினார். பாகிஸ்தான் அமைச்சர் அந்த அமர்வைப் புறக்கணித்தார்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் பாமாயில் அரசியலாயிற்று. மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது - டி-8 பிறந்தபோதும் அவரே பிரதமர் - ஐ.நா. சபையில் காஷ்மீரைப் பற்றிப் பேசினார். டெல்லிக்குக் கோபம். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட எண்ணெய் ஆலைகளின் சங்கம், மலேசிய பாமாயிலைத் தவிர்க்குமாறு தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. 2020 ஜனவரி 8-ல் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பிப்ரவரியில் மலேசியா சென்ற பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான், இந்தியா வாங்காததை ஈடுகட்ட முடிந்தவரை முயல்வோம் என்று வாக்களித்தார். சகோதர பாசம் சரிதான். கணக்கைப் பாருங்கள்: 2019-ல் இந்தியா மலேசியாவிடம் வாங்கியது சுமார் 44 லட்சம் டன், பாகிஸ்தான் வாங்கியது சுமார் 11 லட்சம் டன். இதே இம்ரான் கான்தான், இரண்டு மாதம் முன்பு மகாதீர் கூட்டிய கோலாலம்பூர் மாநாட்டுக்கு வருவதாகச் சொல்லி, சவூதி அரேபியாவின் முகம் சுளித்ததும் கடைசி நேரத்தில் பின்வாங்கினார். இந்தோனேசிய அதிபரும் போகவில்லை.

மலேசியா வேறு வழியில் சமாதானம் பேசியது. அதன் பெரிய சர்க்கரை ஆலை நிறுவனம் 2020 தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து 1,30,000 டன் கச்சா சர்க்கரை வாங்குவதாக அறிவித்தது. பிப்ரவரி கடைசியில் மகாதீர் பதவி விலகினார். சில மாதங்களில் பாமாயில் கப்பல்கள் பழையபடி வந்தன.

தமிழர்களுக்கு இந்த எண்ணெயில் இன்னொரு உறவும் உண்டு. மலாயாவில் எண்ணெய்ப் பனை முதன்முதலில் வணிக ரீதியாக நடப்பட்டது 1917-ல், சிலாங்கூர் மாநிலத்தில். அந்த எஸ்டேட்டின் பெயர் தென்னமரம். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள், ரப்பர் விழுந்து பனை எழுந்தபோது குலை வெட்டப் போயின. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட, லயத்தைக் காலி செய்து நகரத்து ஓரங்களில் ஒதுங்கின.

தாராவிக்காரர்களுக்கும் இப்போது காலி செய்யும் கவலை. புனரமைப்புத் திட்டத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்தது. அடுக்குமாடியில் வீடு கிடைக்கலாம். ஆனால் அடுப்பையும் தோல் வெட்டும் மேஜையையும் எந்த மாடியில் வைப்பது என்பதுதான் சந்துகளில் பேச்சு. வீட்டிலேயே தொழில் நடத்துகிறவருக்கு வீடு மட்டும் போதாது.

மாட்டுங்கா மார்க்கெட்டில் அப்பளம், வடகம், மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் முறுக்குப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கிறது: அரிசி மாவு, உளுத்தம் மாவு, எள், உப்பு, பாமோலின். அந்தக் கடைசிச் சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று போட்டிருப்பதில்லை.