வீணாகும் நம் நாட்கள்

அரசு அலுவலகங்களில் வீண் செலவு என்றால் தாள், மின்சாரம், வாகன டீசல் என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பப்படும் நம் மக்களின் ஒரு நாள் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான சாதிச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என மூன்று மேசைகளைக் கடந்து வரும் அது, ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆனாலும் ‘புதுசா வாங்கிட்டு வா’ என்று கேட்கும் இடங்கள் இருக்கின்றன. அதே வீட்டுக்கு அதே விசாரணையை மறுபடி நடத்துவதால் அரசுக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். அதற்குள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் போய்விட்டால், ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுபோகலாம்.

விண்ணப்பம் எந்த மேசையில், எத்தனை நாளாக நிற்கிறது என்று கேட்க, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

மாணவர்களே, தெருவுக்கு ஒருவராவது இந்த மனுவை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வந்ததும் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்தவர் அலையும் ஒரு நாளாவது மிச்சமாகும்.