நிற்பதும் நின்றுபோவதும்: ஹைபிரிட் வண்டியும் வெப்பமும்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள பூன் லே, முன்னாளில் ரப்பர் மரங்கள் நின்ற வட்டாரம். அங்கே பெருநிலம் உடையவராயிருந்த சியூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயரே அவ்விடத்துக்கு நிலைத்துவிட்டது. 1990-ஆம் ஆண்டு ரயில் நிலையம் திறக்கப்பட்டபின், பேருந்து முனையமும் கடைத்தொகுதியும் சேர்ந்து அதனை ஓயாத சந்தடியுள்ள இடமாக்கின. அங்கே பயணிகளை ஏற்ற வந்து நிற்கும் டாக்சிகள் பலவற்றில் ஒரு புதுமையைக் காணலாம். வண்டி நின்றதும் இயந்திரத்தின் ஓசை அறவே அடங்கிவிடுகிறது. குளிர்காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கிறது. டீசல் டாக்சிகளின் உறுமலில் பழகிய பெரியவர்கள், "வண்டி நின்றுபோயிற்றா, தம்பி?" என்று ஓட்டுநரைக் கேட்பதுண்டு.

தமிழில் நிற்பது வேறு, நின்றுபோவது வேறு. முன்னது இயல்பான செயல். பின்னதில் 'போ' என்னும் துணைவினை சேர்ந்தவுடன், வேண்டாமலே நேர்ந்துவிட்ட கேடு என்னும் பொருள் வந்துவிடுகிறது. பழைய வண்டிகளில் இந்த வேறுபாட்டை அறியச் செவி ஒன்றே போதும். ஓசை அற்றால் கோளாறு. ஹைபிரிட் வண்டியிலோ ஓசை அறுவது கோளாறன்று. கோளாறு வேறோரிடத்தில், பெரும்பாலும் வெப்பத்தின் உருவில், சத்தமின்றி வளர்கிறது. இதனை உணராத ஓட்டுநர், அஞ்ச வேண்டாதபோது அஞ்சுகிறார். அஞ்ச வேண்டியபோது அயர்ந்திருக்கிறார்.

இரு விசைகளின் கூட்டு

ஹைபிரிட் வண்டி என்பது பெட்ரோல் இயந்திரமும் மின்சார மோட்டாரும் கூட்டாக இழுக்கும் வண்டி. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், பெருமளவில் செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் கார் ஆகும். அதனுள் ஒரு பற்சக்கரத் தொகுதி இயந்திரத்தையும் இரண்டு மின்பொறிகளையும் பிணைக்கிறது. மெதுவாகச் செல்லும்போது மோட்டார் தனித்தே வண்டியை நகர்த்தும். வேகம் வேண்டும்போது இயந்திரம் துணைக்கு வரும். பிரேக்கை மிதிக்கும்போது சக்கரத்தின் சுழற்சியே மின்சாரமாக மாறி மின்கலத்தில் சேரும்.

பழைய வண்டியில் கிளச்சைத் தவறாக விட்டால் இயந்திரம் திணறி அணைந்துபோகும். பிரியஸில் ஓட்டுநரின் காலுக்கு அத்தகைய கிளச்சே இல்லை. இயந்திரத்தை எழுப்புவதும் உறங்கச் செய்வதும் கணினியின் பொறுப்பு. 2018 முதல் சிங்கப்பூர்ச் சாலைகளுக்கு டாக்சியாக வந்த ஹூண்டாய் அயோனிக் ஹைபிரிட்டில் அமைப்பு வேறு. இயந்திரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கிளச்சு உண்டு. ஆயினும் அதனைச் சேர்ப்பதும் பிரிப்பதும் கணினியே. ஆதலின் இவ்வகை வண்டி ஓட்டத்தின் நடுவே உண்மையாகவே நின்றுபோகுமானால், பெரும்பாலும் கணினி ஏதோ ஓர் ஆபத்தைக் கண்டு ஆற்றலைக் குறைத்திருக்கிறது அல்லது நிறுத்தியிருக்கிறது என்று கொள்ளலாம். அவ்வாறான ஆபத்துகளில் முதன்மையானது வெப்பம்.

மூன்று அடுப்புகள்

சாதாரண வண்டியில் குளிர்விக்க வேண்டிய அடுப்பு ஒன்று. ஹைபிரிட் வண்டியிலோ மூன்று.

முதலாவது, இயந்திரம். 2015-இல் வெளிவந்த நான்காம் தலைமுறைப் பிரியஸின் இயந்திரம், எரிபொருளின் ஆற்றலில் மிகுதியாக 40 விழுக்காட்டை வேலையாக மாற்ற வல்லது. பெட்ரோல் இயந்திரத்துக்கு இது உயர்ந்த திறனே; எனினும் எஞ்சிய 60 விழுக்காடு வெப்பமாகவே கழிகிறது. பழைய வண்டிகளில் குளிர்நீரைச் சுற்றவைக்கும் பம்பை இயந்திரமே ஒரு பட்டையால் இழுத்துச் சுழற்றியது. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அந்தப் பட்டையே இல்லை. பம்பு மின்சாரத்தால் சுழல்கிறது. பட்டை அறும் என்னும் கவலை ஒழிந்தது. மின்பம்பு ஓய்ந்தால் என்செய்வது என்னும் கவலை வந்தது.

இரண்டாவது, இன்வெர்ட்டர் என்னும் மின்மாற்றுக் கருவி. மின்கலம் தருவது நேர்மின்னோட்டம். மோட்டாருக்கு வேண்டுவது மாறுமின்னோட்டம். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் சுமார் 200 வோல்ட்டாக உள்ள மின்னழுத்தத்தை 650 வோல்ட் வரை உயர்த்தி, மாற்றித் தருவது இக்கருவியே. இதனுள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும்போது சூடேறுகின்றன. ஆதலின் இதற்கெனத் தனிக் குளிர்நீர்ச் சுற்றும் தனி மின்பம்பும் உள்ளன. இயந்திரத்தின் நீர்த்தொட்டி நிரம்பியிருப்பதைக் கண்டு திருப்தியடையும் ஓட்டுநர், பக்கத்திலுள்ள இந்த இரண்டாம் தொட்டியை மறந்துவிடுவது எளிது.

மூன்றாவது, மின்கலத் தொகுதி. பிரியஸ் முதலிய பல வண்டிகளில் இதனை நீர் குளிர்விப்பதில்லை. வண்டிக்குள் இருக்கும் காற்றையே ஒரு சிறு விசிறி உறிஞ்சி அதன்மேல் செலுத்துகிறது. காற்று புகும் துளைத்தட்டு பின் இருக்கையின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும். தூசியும் நூலிழையும் அங்கே படியும். பயணி தம் பையையோ துணியையோ அதன்மேல் வைத்துவிட்டால் காற்று தடைப்படும். மின்கலம் சூடேறினால், அதனைக் காக்கக் கணினி மின்னோட்டத்தைக் குறைக்கும். மோட்டாரின் உதவி குறையும். இயந்திரம் மிகுதியாக ஓடும். ஓட்டுநர் இயந்திரத்தைக் குறைகூறுவார். குற்றமோ, உள்ளங்கையளவு தட்டில் படிந்த தூசியினுடையது.

நிகழ்ந்தவை கற்பித்தவை

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 2010-ஆம் ஆண்டு நவம்பரில், 2004 முதல் 2007 வரையிலான மாடல்களைச் சேர்ந்த சுமார் 6,50,000 பிரியஸ் வண்டிகளின் மின்பம்பைச் சரிசெய்து தருவதாக டொயோட்டா அறிவித்தது. குளிர்நீரில் கலந்த காற்றுக் குமிழ்கள் பம்பில் தேங்கினால், பம்பு நீரைத் தள்ள மாட்டாது. கருவி சூடேறி வண்டி ஆற்றல் இழக்கக்கூடும். காற்று புகுந்த கைப்பம்பு எத்துணை அடித்தாலும் நீர் இறைக்காது என்பதை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

2014 பிப்ரவரியில் உலகெங்கும் சுமார் 19 இலட்சம் பிரியஸ் வண்டிகள் திரும்ப அழைக்கப்பெற்றன. கணினியின் கட்டளைநிரலில் இருந்த ஒரு குறையால், டிரான்சிஸ்டர்கள் அளவுக்குமேல் சூடேறிப் பழுதடைய இடமிருந்தது. அவ்வாறு பழுதடையும்போது வண்டி பெரும்பாலும் குறைந்த ஆற்றலோடு ஊர்ந்து செல்லும் காப்புநிலைக்கு மாறும். சிற்சில வேளைகளில் முற்றும் நின்றுபோகும். 2018 அக்டோபரில் மறுபடியும் சுமார் 24 இலட்சம் வண்டிகள் அழைக்கப்பெற்றன. அரிதான சில சூழ்நிலைகளில் அந்தக் காப்புநிலையே கைகொடுக்கத் தவறலாம் என்பது காரணம். இவை முன்னரே ஒருமுறை அழைத்துத் திருத்தப்பட்ட வண்டிகள் என்பது கருதத்தக்கது. ஒருமுறை சரிபார்த்தாயிற்று என்று ஓய்ந்திருத்தல் ஆகாது.

வெயிலும் நெரிசலும்

சிங்கப்பூரில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 37 பாகை செல்சியஸ். அது 1983-இல் பூன் லேயை அடுத்த தெங்காவிலும், 2023 மே மாதத்தில் அங் மோ கியோவிலும் பதிவாயிற்று. ஆயினும் வண்டிக்கு எதிரி வெயில் மட்டுமன்று. ஓடும் வண்டியின் ரேடியேட்டருக்குக் காற்று தானே வந்து மோதுகிறது. நெரிசலில் நிற்கும் வண்டிக்கு விசிறியே கதி. அப்போதும் குளிர்சாதனம் மின்கலத்தினின்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

வெட்டவெளியில் பூட்டிக் கிடந்த வண்டியின் உட்காற்று, வெளிக்காற்றைவிட மிகச் சூடாயிருக்கும். மின்கலம் மூச்சுவிடுவதும் அதே காற்றைத்தான். ஆகவே புறப்படுமுன் கதவுகளைத் திறந்து வெக்கையை வெளியேற்றுவதும், குளிர்சாதனத்தை இயங்கவிடுவதும் பயணியின் சுகத்துக்கு மட்டும் உரியன அல்ல. மின்கலத்தின் ஆயுளுக்கும் உரியன.

செய்யத்தக்கவை

துளைத்தட்டைப் பணிமனையில் குறித்த காலத்தில் தூய்மை செய்வித்தல் வேண்டும். இரு குளிர்நீர்த் தொட்டிகளையும் வண்டி ஆறியிருக்கும்போது பார்த்தல் வேண்டும். அளவு குறைந்திருந்தால், வெறும் நீரை ஊற்றி மறைக்காமல், கசிவைத் தேடுவதே முறை. சூடாயிருக்கும்போது மூடியைத் திறப்பின் கொதிநீர் பீறிட்டுச் சுடும். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தம் செல்வன. பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் அவற்றைத் தொடலாகாது. பின்னிருக்கைப் பக்கம் விசிறி இரைச்சலிடுவதும், வழக்கத்துக்கு மாறாக இழுவை குன்றுவதும் முன்னறிவிப்புகள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், இறக்க வேண்டிய பயணி ஒருவர்தானே என்று மேலும் ஓட்டுவது தகாது. ஒரு பயணத்தின் கூலியைக் காக்கப்போய் இன்வெர்ட்டரை இழந்தவருக்கு, பல நாள் வருமானம் போய்விடும்.

விரைவுச்சாலையில் ஆற்றல் அற்றுப்போனால் அச்சத்தால் சாவியைத் தேடுதல் கூடாது. பிரேக்கும் ஸ்டீரிங்கும் பொதுவாக அப்போதும் பணிசெய்யும். அபாய விளக்கை எரியவிட்டு, வண்டி உருளும்போதே இடப்புற ஓரத்துக்கு ஒதுக்கி, பயணியைத் தடுப்புவேலிக்கு அப்பால் பாதுகாப்பாக நிற்கச் செய்தல் வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம், விரைவுச்சாலையில் பழுதான வண்டியை அருகிலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடத்துக்குக் கட்டணமின்றி இழுத்துச் செல்லும்.

சிங்கப்பூரில் 2025 முதல் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. 2030 முதல் பதிவாகும் புதுக் கார்கள் யாவும் மின்வண்டி, ஹைபிரிட் போன்ற தூய்மையான ஆற்றல் வகைகளாகவே இருக்க வேண்டும் என்பது அரசின் திட்டம். எனவே பூன் லேயின் டாக்சி வரிசையில் அமைதி இன்னும் பெருகும். அந்த அமைதியைக் கண்டு பயணி கலங்க வேண்டுவதில்லை. ஓட்டுநர் மட்டும், காதால் அறிந்ததைக் கண்ணாலும் கையாலும் அறியப் பழகுதல் வேண்டும். பின்னிருக்கையின் ஓரத்திலுள்ள அச்சிறு தட்டைத் துடைத்து வைப்பவரின் வண்டி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். வழியில் நின்றுபோகும் வாய்ப்பு அதற்குக் குறைவு.