தேர் வடமும் வாட்ச் பட்டையும்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஸ்மார்ட் வாட்ச்சோடு வந்த ரப்பர் பட்டை காலையில் சரியாக இருக்கிறது, மதியத்துக்குமேல் கையைக் கவ்வுகிறது, இரவு கழற்றினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல் சிவப்பாகத் தடம் தெரிகிறது. அதை மாற்றிவிட்டு வெல்க்ரோ வைத்த நைலான் பட்டை வாங்கலாமா, பஸ் கூட்டத்தில் அது பிரிந்து வாட்ச் விழுந்துவிடாதா என்று கேட்கிறார். பெட்டியின் மேல் ‘விண்வெளித் தொழில்நுட்பம்’ என்று அச்சடித்திருக்கிறார்களே, அது உண்மையா என்பது இரண்டாவது கேள்வி.

தாராளமாக வாங்கலாம். ஒழுங்காகத் தைத்த பட்டை விழாது. ஏன் விழாது என்பதற்குள் மிக அழகான இயற்பியல் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சிவப்புத் தடம். மணிக்கட்டு காலையில் இருந்த அளவில் மாலையில் இருப்பதில்லை. வெயிலில் நடந்தால் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. கையைத் தொங்கப்போட்டபடியே இருந்தால் நீர் இறங்குகிறது. சுற்றளவு சில மில்லிமீட்டர் கூடிவிடும். ஓட்டை போட்ட பட்டையிலோ ஓர் ஓட்டைக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் 6, 7 மி.மீ. இடைவெளி. நமக்கு வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்கிறது.

பட்டை தோலின் மேல் செலுத்தும் அழுத்தத்தை எளிதாகக் கணக்கிடலாம். பட்டையின் இழுவிசையை அதன் அகலத்தாலும் கையின் வளைவு ஆரத்தாலும் வகுத்தால் போதும். 17 செ.மீ. சுற்றளவுள்ள கையை வட்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஆரம் 27 மி.மீ. 20 மி.மீ. அகலப் பட்டையை 100 கிராம் எடை தொங்கும் அளவுக்கு இழுத்துக் கட்டினால் அழுத்தம் சுமார் 14 மி.மீ. பாதரசம். கை வீங்கி இழுவிசை 200 கிராமாக ஏறினால் 27. ஆனால் மணிக்கட்டு வட்டமில்லை, தட்டையான நீள்வட்டம். அதன் ஓரங்களில் வளைவு ஆரம் 15 மி.மீ. என்றால் அதே 200 கிராமுக்கு அழுத்தம் 49 ஆகிவிடுகிறது. தோலின் நுண்குழாய்களில் ரத்தம் ஓடும் அழுத்தமே ஏறத்தாழ 15 முதல் 35 வரைதான். தடம் ஏன் மணிக்கட்டின் ஓரத்தில் விழுகிறது, மேலேயும் கீழேயும் ஏன் விழுவதில்லை என்பது இப்போது விளங்கும்.

அதனால் பட்டை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று தடவிப் பார்த்து வாங்குவதில் பெரிய பயனில்லை. கையின் அளவு மாறும்போது அதுவும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று மாறிக்கொடுக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாட்ச் நாடித்துடிப்பை அளப்பதும் இதை நம்பியே. அதன் அடியில் எரியும் பச்சை விளக்கின் ஒளி ரத்தத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்ந்தால் வெளி வெளிச்சம் புகுந்துவிடும். மிக இறுகினால் அளக்க வேண்டிய ரத்தமே அங்கிருந்து பிதுங்கிப் போய்விடும்.

இந்த நுணுக்கமான சரிசெய்தலைத் தருவது வெல்க்ரோ. அதன் ஒரு முகத்தில் விறைப்பான ஒற்றை இழைக் கொக்கிகள். மறு முகத்தில் பல மெல்லிழைகள் சேர்ந்த நூலால் ஆன, கலைந்து கிடக்கும் வளையங்கள். தனியாக ஒரு கொக்கி தாங்கும் சுமை மிகச் சொற்பம். அத்தனை கொக்கிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திருவாரூர்த் தேரின் வடத்தை நூற்றுக்கணக்கானோர் பிடித்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடத்தை நீளவாக்கில் அவர்கள் கையிலிருந்து உருவ வேண்டுமானால் அத்தனை பேரின் பிடியையும் ஒரே கணத்தில் வெல்ல வேண்டும். யாராலும் ஆகாது. கடைசியில் நிற்பவரின் கையை மட்டும் விலக்கிவிட்டு, அடுத்து அவருக்கு முன்னால் நிற்பவர், பிறகு அவருக்கும் முன்னால் என்று வந்தால் ஒரு சிறுவனே போதும். பட்டையை நீளவாக்கில் இழுப்பது முதல் வகை. நுனியைத் தூக்கி உரிப்பது இரண்டாவது வகை. உரிக்கும்போது உங்களை எதிர்ப்பது அந்தக் கணத்தில் பிரியும் ஒரு வரிசை மட்டுமே; மீதிக் கொக்கிகளுக்கு இன்னும் முறை வரவில்லை.

கூட்டத்தை இன்னும் கூர்ந்து பார்க்கலாம். எல்லோரும் வடத்தைப் பிடித்திருப்பதில்லை. பலர் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்பவர்கள். வெல்க்ரோவை எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும் கொக்கிகளில் ஒரு பகுதியில்தான் வளையம் மாட்டும். ஆனால் வடம் விறைத்துக் கொஞ்சம் நகர்ந்ததும் சும்மா நின்றவர் கையும் இறுகுகிறது. இழுவை வந்து பட்டை மயிரிழை நகர்ந்ததும் சும்மா இருந்த கொக்கிகளும் அருகிலுள்ள வளையங்களைப் பிடித்துக்கொள்கின்றன. கை நிறையப் பிரசாதப் பை வைத்திருப்பவரால் பிடிக்க முடியாது: அவர்தான் பஞ்சும் தலைமுடியும் அடைத்த கொக்கி. வடத்தில் ஒரு நார் அறுந்தாலும் தேர் நிற்பதில்லை. வளைய நூலிலும் ஒவ்வொரு உரிப்பிலும் ஓரிரு மெல்லிழைகள் அறும், மீதி பிடித்துக்கொண்டிருக்கும். பழைய வெல்க்ரோ திடீரென்று கைவிடாமல் மெல்ல மெல்லத் தளர்வது இதனால்தான்.

இப்போது கைக்கு வருவோம். பட்டை வாட்ச்சின் ஓரத்து வளையத்துக்குள் நுழைந்து, மடங்கித் திரும்பி, தன் மேலேயே ஒட்டுகிறது. மடங்கும் இடத்தில் இழுவிசை இரண்டு பக்கமாகப் பிரிவதால் கொக்கிகளுக்கு வருவது ஏறத்தாழ பாதி. அதுவும் நீளவாக்கில். போதாக்குறைக்கு, கை வளைந்திருப்பதால் பட்டை இறுகும்போதெல்லாம் மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மேல் அமுங்குகிறது. இழுக்க இழுக்கக் கொக்கிகள் வளையங்களுக்குள் ஆழமாகப் போகின்றன. நல்ல வெல்க்ரோவில் ஐந்தாறு சதுர செ.மீ. பரப்பு நீளவாக்கில் சில கிலோ எடையையே தாங்கும். நம் கையில் அதற்கு வரும் சுமை 50 முதல் 100 கிராம். பஸ் கூட்டத்தைப் பற்றிய கவலை வேண்டாம்.

பலவீனமான இடம் நுனி ஒன்றுதான். பட்டையை வடிவமைப்பவரின் திறமை முழுவதும் அங்கே தெரியும். கொக்கித் துண்டு தடித்து விறைப்பாக இருந்தால், வளைந்த கையின் மேல் அது நிமிரப் பார்க்கும். யாரும் தொடாமலே உரிப்பு தொடங்கிவிடும். மூலைகள் சதுரமாக இருந்தால் முழுக்கைச் சட்டையின் ஓரமோ புடவைத் தலைப்போ அங்கே மாட்டி உரிக்கும். ஆகவே நுனி மெல்லியதாக, மூலை உருண்டதாக இருக்க வேண்டும். கொக்கித் துண்டு பட்டையைவிட இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டராவது ஒடுங்கியிருந்தால், கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் கொக்கி தோலைக் கீறாது. விரலால் பிடித்துத் தூக்க, கொக்கி இல்லாத ஒரு சிறு நாக்கும் வேண்டும்.

நெய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நாடாத் தறியில் வழக்கமான பாவோடு கூடுதலாக இன்னொரு பாவு ஓடுகிறது. அது இடையிடையே மேலே எழும்பி, வளையமாக நின்று, மறுபடி ஊடைக்குள் இறங்குகிறது. வளைய முகம் இவ்வளவுதான். கொக்கி முகத்துக்கு, அதே வளையத்தை விறைப்பான ஒற்றை இழையில் நெய்து, சூடுகாட்டி வடிவத்தை நிலைக்கவைத்து, ஒவ்வொரு வளையத்தின் ஒரு காலை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டியபின் மிஞ்சுவது கொக்கி! இழைகள் உருவிக்கொண்டு வராமலிருக்கப் பின்புறம் ஒரு பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சுதான் துணியை விறைக்கவைக்கிறது. அதனால் கொக்கி நாடாவையும் வளைய நாடாவையும் பட்டை நீளத்துக்கும் தைத்தால் அட்டை மாதிரி ஆகிவிடும். பட்டைத் துணியின் வெளிப்பக்கத்தையே வளையங்களாக நெய்துவிட்டு, கொக்கியை நுனியில் மட்டும் வைப்பதே நல்ல வழி. 2017-இல் ஆப்பிள் கொண்டுவந்த இரட்டை அடுக்கு நைலான் பட்டை இந்த வகை.

வரலாறு சுருக்கமானது. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1941-இல் நாயோடு நடந்துவிட்டு வந்து, அதன் ரோமத்தில் ஒட்டிய முள்காய்களை உருப்பெருக்கியில் பார்த்தார். நம் ஊரில் வேட்டியில் ஒட்டும் மருளூமத்தங்காய்க்கும் அதே கொக்கி உண்டு. அதைப் பார்த்து அவர் உருவாக்கிய வெல்க்ரோவுக்கு 1955-இல் காப்புரிமை கிடைத்தது. நாசா இதைக் கண்டுபிடிக்கவில்லை, வாங்கிப் பயன்படுத்தியது. 1969-இல் பஸ் ஆல்ட்ரின் நிலவில் நடந்தபோது விண்வெளி உடையின் மேல் ஒமேகா கடிகாரத்தை நீளமான வெல்க்ரோ பட்டையால்தான் கட்டியிருந்தார். பெட்டியில் அச்சடித்த வாசகத்தில் உண்மை அந்த அளவோடு சரி.

‘மூச்சுவிடும் துணி’ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு அடுக்குக்கு நடுவில் காற்றும் ஆவியும் போகும், அது நல்லது. ஆனால் சோப்பும் வியர்வை உப்பும் நெசவுக்குள் தங்கினால் அரிப்பு துணியிலும் வரும். ‘நச்சில்லாதது’ என்ற வாசகம் அண்மையில் கூடியிருக்கிறது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 கடிகாரப் பட்டைகளைச் சோதித்து, ஃபுளோரின் சேர்ந்த ரப்பர் பட்டைகள் சிலவற்றில் ‘என்றும் அழியா வேதிப்பொருள்’ வகை ஒன்று கணிசமாக இருப்பதைக் காட்டினார்கள். அவர்கள் அளந்தது பட்டையில் இருப்பதை. தோல் வழியாக உடலுக்குள் போவதை அல்ல. இதை வைத்துத் துணிப் பட்டை விற்பவர், தன் நைலானுக்கு அதே வகை வேதிப்பொருளால் தண்ணீர் ஒட்டாத பூச்சு பூசியிருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும்.

தையல் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பின்புறம் பசை தடவிய வெல்க்ரோ வேண்டாம், வியர்வையிலும் சூட்டிலும் பசை இளகிவிடும். தைக்கும் வகையையே வாங்குங்கள். நைலான் நாடாவின் நுனியை மெழுகுவத்தியில் காட்டி உருக்கினால் கெட்டியான மணிபோல் திரளும். அது தோல் பக்கம் வராமல் வெளியே மடித்துத் தையுங்கள். துவைக்கும்போது ஒட்டிவைத்தே துவையுங்கள், திறந்திருந்தால் கொக்கிகள் மற்றத் துணிகளின் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பஞ்சை எடுக்கப் பழைய டூத் பிரஷ் போதும். இஸ்திரிப் பெட்டி ஆகாது. சூட்டில் நிலைத்த கொக்கி சூட்டில் நிமிர்ந்துவிடும்.

நீச்சலுக்குப் போகிறவர்கள் மட்டும் இழையைக் கேட்டு வாங்க வேண்டும். நைலான் தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம் கொக்கியை இளக்கிவிடுவதால் ஊறியிருக்கும்வரை பிடி தளர்கிறது, உலர்ந்ததும் திரும்புகிறது. பாலியெஸ்டர் ஒரு சதவீதம்கூட இழுப்பதில்லை. குளத்தில் இறங்குகிற கைக்கு அதுவே சரி.